காலங்கடந்த டின் உணவும் நம் கடமையும்

 

நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. இன்று நான் பேசப்போவது பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம். உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ சில டின்கள் கிடக்கும். ஒன்று சடின் மீன், ஒன்று கெட்டிப்பால், ஒன்று பச்சைப் பட்டாணி. எப்போது வாங்கியது, யார் கொடுத்தது என்பதே மறந்து போயிருக்கும். எடுத்துப் பார்த்தால் தேதி கடந்திருக்கும். சாப்பிடப் பயம், எறிய மனமில்லை. திரும்பவும் அதே இடத்தில் வைத்து விடுகிறோம். அந்த டின்களை என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதை நான் பேசத் தூண்டியவள் ஒரு சிறுமி. 2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். நான்காம் ஆண்டில் படிக்கும் அந்தப் பிள்ளை ஒரு சடின் டின்னைப் புத்தகப் பையில் போட்டுப் பள்ளிக்கே கொண்டு வந்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க கணக்குப் பாடத்துல தேதி பார்க்கச் சொல்லிக் கொடுத்தீங்களே. இந்த டின்னுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு. ஆனா மூடி மேல எழும்பி இருக்கு. தம்பிக்கு இதைத்தான் பொரிச்சுக் கொடுக்கப் போனேன். கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அவளுடைய அம்மா அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். தம்பிக்குப் பசியாறக் கொடுப்பது இவள் பொறுப்பு. எழும்பிய அந்த மூடியை அவள் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்கியது.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய பாட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். அதில் பத்து டின்கள் இருந்தன. சிறுமி கொண்டு வந்ததோடு சேர்த்துப் பதினொன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததல்லவா? அப்போதும் அடுத்த ஆண்டிலும் வீடு வீடாகக் கொடுத்த உணவுப் பொட்டலங்களில் மீந்தவை பாதி. கடையில் மலிவாகக் கிடைத்தபோது வாங்கி வைத்தவை பாதி.

"பாட்டி, இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, ஜப்பான்காரன் காலத்திலே நான் சின்னப் பிள்ளை. மரவள்ளிக் கிழங்கைத் தின்னுதான் உயிரை வச்சிருந்தோம். சோத்தைக் குப்பையிலே போட எனக்குக் கை வரமாட்டேங்குது" என்றார்.

நேயர்களே, பாட்டி சொன்னதில் என்ன தவறு? பசியைக் கண்டவர்களுக்குத்தான் உணவின் அருமை தெரியும். அந்த அருமையையும் காப்பாற்ற வேண்டும், வீட்டாரின் உயிரையும் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு வழி உண்டு. அதற்கு முதலில் டின் உணவு எப்படிக் கெடாமல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சு நாட்டில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் ஒருவர் இருந்தார். உணவைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக மூடி, கொதிநீரில் வெகுநேரம் வைத்தால் அது கெடுவதில்லை என்று கண்டுபிடித்தார். 1810ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் இலண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதிலாகத் தகர டப்பாவைப் பயன்படுத்தும் உரிமையைப் பதிவு செய்தார்.

இன்றைய டின்னும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் கிருமிகளை வெப்பம் கொன்றுவிடுகிறது. புதுக் கிருமிகள் வராமல் மூடி தடுத்துவிடுகிறது. ஆகவே, டின் உணவுக்குக் காவல் அந்த மூடியும் அதைச் சுற்றியுள்ள மடிப்பும்தான். காவல் உறுதியாக இருக்கும்வரை உணவு நிற்கும். ஓர் ஊசிமுனை அளவு விரிசல் விழுந்தாலும் காவல் போயிற்று. டின்னின் மேல் அச்சடித்த தேதிக்கு அந்த விரிசல் தெரியாது. சிறுமி கொண்டு வந்த டின் தேதி கடக்காமலே கெட்டுப்போனது இதனால்தான். கடையில் அடிபட்டு நசுங்கிய டின் என்று விலையைக் குறைத்துக் கொடுத்தார்களாம். நசுங்கிய இடம் சரியாக மடிப்பின் மேல் இருந்தது.

அப்படியானால் தேதி எதற்கு? நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி டின்களில் தேதி போடுகிறார்கள். இரண்டு வகையான சொற்களைப் பார்க்கலாம். ஒன்று 'தாரிக் லூப்புட்'. காலாவதித் தேதி என்று பொருள். அது கடந்தால் சாப்பிடக் கூடாது. கடைக்காரர் விற்கவும் கூடாது. மற்றொன்று 'பாய்க் செபெலும்'. இந்தத் தேதிக்கு முன் சாப்பிட்டால் சுவையும் மணமும் நன்றாக இருக்கும் என்று பொருள். இந்தத் தேதி கடந்து சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ ஆகியிருக்கலாம். டின் பழுதில்லாமல் இருந்தால், திறந்து பார்த்து நன்றாகக் கொதிக்க வைத்துப் பெரியவர்கள் சாப்பிடலாம். ஆனால் கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், நோயாளிக்கும் கொடுக்க வேண்டாம். குழந்தைக்கான பால்மாவு மட்டும் எந்தச் சொல் போட்டிருந்தாலும் தேதி கடந்தால் கூடவே கூடாது.

இனி, டின்னைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். கைவிரல்களை மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலாவது, மூடியோ அடிப்பக்கமோ உப்பியிருக்கிறதா? கையால் அழுத்தினால் உள்ளே போய் மறுபடி 'டப்' என்று எழும்புகிறதா? இரண்டாவது, எங்காவது ஒழுகியிருக்கிறதா? வெளியே பிசுபிசுப்பு இருக்கிறதா? மூன்றாவது, மடிப்பின் மேல் நசுங்கல் உண்டா? நான்காவது, துணியால் துடைத்தும் போகாத ஆழமான துரு உண்டா? ஐந்தாவது, திறக்கும்போது உள்ளிருப்பது பீய்ச்சி அடிக்கிறதா, கெட்ட நாற்றம் வருகிறதா?

இந்த ஐந்தில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் அந்த டின் வேண்டாம். தேதி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். 'கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்க்கலாம்' என்ற எண்ணமும் வேண்டவே வேண்டாம். ஏனென்றால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற கிருமி ஒன்று உண்டு. மீன், இறைச்சி, பட்டாணி போன்ற புளிப்பில்லாத உணவு அதற்கு மிகவும் பிடிக்கும். அது கக்கும் நஞ்சு மிகக் கொடியது. சில நேரங்களில் அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. ஒரு வாய் போதும், ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும்.

பார்வை மங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், இமை சரியும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாமல் போகும், பிறகு கைகால் தளரும், மூச்சும் தடைபடும். பெரும்பாலும் சாப்பிட்ட 12 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். சில வேளை சில நாள் கழித்தும் வரலாம். இப்படி ஓர் அறிகுறி கண்டால் எண்ணெய் தேய்ப்பது, திருநீறு போடுவது என்று நேரத்தைப் போக்காதீர்கள். உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு முறிமருந்து உண்டு. ஆனால் நேரத்தோடு போக வேண்டும்.

பாட்டியின் பதினொரு டின்களையும் இப்படியே திண்ணையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். மூன்று குவியலாகப் பிரிந்தன.

முதல் குவியலில் நான்கு டின்கள். தேதி இன்னும் மீதமிருந்த சடின் இரண்டு. 'பாய்க் செபெலும்' தேதி கடந்து இரண்டு மாதமே ஆன, பழுதில்லாத அவரைக்கொட்டை டின் இரண்டு. இவை உணவு. அந்த வாரமே சமையலுக்குப் போயின. அவரைக்கொட்டையைப் பெரியவர்கள் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது குவியலில் ஐந்து டின்கள். பழைய சடின் இரண்டு, பட்டாணி ஒன்று, கெட்டிப்பால் இரண்டு. டின்கள் பழுதில்லை, ஆனால் காலாவதித் தேதி கடந்துவிட்டது. இவை மனிதருக்கு வேண்டாம், மண்ணுக்கு ஆகும்.

மூன்றாவது குவியலில் இரண்டே டின்கள். உப்பிய சடின் ஒன்று. மற்றொன்று, மடிப்பில் துருப்பிடித்து ஒழுகிய அன்னாசி டின். பழத்தின் புளிப்பு தகரத்தை மெல்ல மெல்ல அரித்துவிடும். அதனால்தான் அன்னாசி, தக்காளி போன்ற புளிப்பு வகைகள் ஒன்றரை ஆண்டு வரைதான் நல்ல தரத்தில் இருக்கும். மீனும் பயறும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை நிற்கும்.

இந்த மூன்றாவது குவியலைத் திறக்கவே கூடாது. மண்ணிலும் புதைக்க வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, டின்னை உள்ளே வைத்து இறுக முடிச்சுப் போடுங்கள். நாயும் குரங்கும் பிள்ளைகளும் எட்டாதபடி மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒழுகியது பட்ட இடத்தைத் துணி வெளுக்கும் குளோரொக்ஸ் கலந்த நீரால் துடையுங்கள். குப்பைக்குப் போக வேண்டியது இந்த இரண்டு மட்டும்தான் என்று சொன்னபோது பாட்டிக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

"இந்த உப்பின டின்னை நாய்க்காவது போடலாமே?" என்று கேட்டார். கூடாது, பாட்டி. அந்த நஞ்சு நாயையும் தாக்கும், கோழியையும் தாக்கும். நஞ்சுண்ட கோழி கழுத்தைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டுச் சாகும். நமக்கு ஆகாதது நம்மை நம்பி வாழும் வாயில்லாப் பிராணிக்கும் ஆகாது.

சரி, இரண்டாவது குவியலை மண்ணுக்குக் கொடுப்பது எப்படி?

பட்டாணி, சோளம், காளான், பழம் போன்றவை எளிது. டின்னைத் திறந்து, உப்பு நீரை முதலில் வடித்துவிடுங்கள். உப்பு அதிகமானால் செடியின் வேர் வாடும். வடித்த நீரில் ஒரு வாளித் தண்ணீர் கலந்து, செடியில்லாத வெற்றுத் தரையில் ஊற்றுங்கள். மீதியைக் காய்ந்த இலை, சருகு, தேயிலைச் சக்கை ஆகியவற்றோடு கலந்து உரக்குவியலில் போடுங்கள். உணவு ஒரு பங்கு என்றால் சருகு மூன்று பங்கு இருக்கட்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் வராது.

மீன், இறைச்சி, கெட்டிப்பால் ஆகியவற்றைக் குவியலில் போடக் கூடாது. எலியும் நாயும் காட்டுப்பன்றியும் தேடி வந்துவிடும். இவற்றுக்குக் குழிதான் வழி. வீட்டுத் தோட்டத்தில், ஓடைக்கும் கிணற்றுக்கும் தூரமாக, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அடியில் சருகு பரப்புங்கள். மீன் எண்ணெயில் மிதந்தால், எண்ணெயைப் பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவிட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். கெட்டிப்பாலைத் தண்ணீர் கலந்து தளர்த்தி ஊற்றுங்கள். மண்வெட்டியால் மண்ணோடு நன்றாகக் கலந்து, மேலே ஓர் அடி மண் மூடி, ஒரு பலகையையோ தட்டைக் கல்லையோ வைத்துவிடுங்கள். ஒரு குழிக்கு ஓரிரு டின்களுக்கு மேல் வேண்டாம். சமவெளியில் இரண்டு மாதத்தில் மக்குவது நம் குளிர் மலையில் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை அந்த இடத்தில் விதை போடாதீர்கள்.

வீட்டைச் சுற்றி மண்ணே இல்லாதவர்கள் என்ன செய்வது? நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, நிர்வாகத்திடம் கேட்டு, லயத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் பொதுக்குழி வைத்துக்கொள்ளலாம். காய்கறித் தோட்டம் போடும் அண்டை வீட்டாரிடம் கொடுக்கலாம். எங்கள் பள்ளித் தோட்டத்திலும் அப்படி ஒரு குழி இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, குப்பை லாரியில் போட்டால் போகிறதே என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குப்பை மேட்டுக்குப் போன உணவு அங்கே என்ன ஆகிறது என்று பாருங்கள். மேலே மேலே குப்பை விழுந்து காற்றில்லாமல் புதைந்து அழுகுகிறது. அப்போது மீத்தேன் என்ற வாயு கிளம்புகிறது. வானத்தில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரிவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலியது. அழுகிய சாறு மண்ணுக்குள் இறங்கி நீரைக் கெடுக்கிறது. அதே உணவு நம் தோட்டக் குழியில் மண்ணோடு கலந்து மக்கினால் பயிருக்கு உரமாகிறது.

எரித்துவிடலாமே என்றும் சிலர் சொல்வார்கள். லங்காவி, பங்கோர், தியோமான், நம் கேமரன் மலை ஆகிய இடங்களில் சிறு எரியுலைகள் கட்டினார்கள். ஆனால் நம் நாட்டுக் குப்பையில் ஈரம் மிகுதி. ஈரக் குப்பையை எரிக்க எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை. அந்த ஈரத்தில் பெரும்பங்கு நம் அடுப்பங்கரையிலிருந்து போவதுதான். ஆகையால், உணவைத் தனியே எடுத்துவிட்டால் மற்றக் குப்பைகளைக் கையாள்வதும் எளிதாகும். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து நம் பகாங் உட்படச் சில மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது.

வீட்டில் குப்பை கொளுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திறக்காத டின்னை ஒருபோதும் நெருப்பில் போடாதீர்கள். உள்ளே நீராவி பெருகி, குண்டு போல் வெடிக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண் போய்விடும்.

இன்னும் சிலர் இருட்டியதும் ஆற்றோரப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்துவிடுகிறோம். நான் சிறுமியாக இருந்தபோது என் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். நானே கொண்டு போய் எறிந்திருக்கிறேன். ஆற்றில் போனது மறைந்துவிடுகிறதா? நம் தெலோம் ஆற்றின் நீரை மலைக்குள் சுரங்கம் வெட்டிப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பி, ரிங்லெட்டில் 1963ஆம் ஆண்டு கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்குகிறார்கள். அந்த நீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் சேறும் குப்பையும் அந்த அணையில் போய் நிறைந்து நீர் நிற்கும் இடத்தைக் குறைக்கின்றன. 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெருமழையில் அணை நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. நம் கையில் இருக்கும் ஒரு டின்னால் அணை நிறைந்துவிடாதுதான். ஆனால் ஒவ்வொரு லயத்திலும் 'என் ஒரு டின்தானே' என்று எண்ணினால், எத்தனை டின் சேரும்? ஆற்றோரத்தில் தங்கிவிடும் டின்னோ மழைநீரைப் பிடித்துக் கொசுவை வளர்க்கும். வெறுங்காலோடு போகும் பிள்ளையின் காலைக் கிழிக்கும்.

உணவு மண்ணுக்குப் போயிற்று. டின் மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது?

டின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகடு. துருப் பிடிக்காமலிருக்க அதன்மேல் வெள்ளீயத்தை மிக மெல்லியதாகப் பூசுவார்கள். அந்த வெள்ளீயத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ வருகிறதல்லவா? அந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய வெள்ளீயம், உலகமெங்கும் உணவு டின்கள் செய்யப் போயிற்று. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் விலை சரிந்த பிறகுதான் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. மண்ணைக் குடைந்து, ஆறுகளைக் கலக்கி எடுத்த உலோகத்தை மறுபடி மண்ணில் புதைப்பது எவ்வளவு பெரிய வீண் செலவு! எஃகை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறைவதில்லை.

ஆகவே, காலி டின்னைப் பாத்திரம் கழுவிய நீரிலேயே ஒருமுறை அலசுங்கள். இதற்கென்று நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம். வெட்டிய மூடியை உள்ளே போட்டு, வாயை நசுக்கிவிடுங்கள், கையைக் கிழிக்காது. ஒரு சாக்கில் சேர்த்து வாருங்கள். காந்தம் ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரண்டையும் தனித்தனியாக வைத்தால் பழைய இரும்பு வாங்க வரும் லாரிக்காரர் அலுமினியத்துக்குக் கூடுதல் விலை தருவார். பெரிய காசு வராவிட்டாலும், பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க உதவும்.

நம் பெரியவர்கள் டின்னை வீணாக்கியவர்களா? கெட்டிப்பால் டின்னில்தான் அரிசி அளந்தார்கள். அதே டின்னில் கயிறு கட்டிக் கடையிலிருந்து கோப்பி வாங்கி வந்தார்கள். அடியில் ஆணியால் துளையிட்டு மிளகாய் நாற்று வளர்த்தார்கள். நாமும் விளிம்பைச் சுத்தியலால் மடக்கிவிட்டு நாற்று வளர்க்கலாம்.

இனி, சற்று மனம் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டியின் பெட்டியில் இருந்த தானப் பொருள்களில் சில, கையில் வந்தபோதே தேதி நெருங்கியவை. யார் கொடுத்தார்கள் என்பது வேண்டாம். கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால், 'தோட்டத்து மக்கள்தானே, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்' என்ற எண்ணம் எங்காவது இருந்தால் அது மாற வேண்டும். 2018ஆம் ஆண்டு நம் நாட்டில் உணவு வங்கித் திட்டம் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மீந்த உணவு வீணாகாமல் தேவைப்படுவோரைச் சேரட்டும் என்பதுதான் இவற்றின் நோக்கம். நல்ல உணவு, உரிய காலத்தில் போய்ச் சேர வேண்டும். இலவசமாக வந்தாலும் தேதியைப் பார்த்து வாங்குவது நம் உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே போல், நம் வீட்டில் தேவைக்கு மேல் இருக்கும் டின்னை, காலம் கடக்கும்வரை வைத்திராமல், தேதி இருக்கும்போதே கோயில் அன்னதானத்துக்கோ அடுத்த வீட்டுக்கோ கொடுத்துவிட வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழர்களும் நேப்பாளத் தோழர்களும் பக்கத்து லயத்தில்தானே இருக்கிறார்கள்?

வருமுன் காப்பதே மேல். சம்பள நாளில் சாமான் வாங்கி வந்ததும், டின்னின் தேதியைப் பெரிய எழுத்தில் மூடியின் மேல் மையால் எழுதுங்கள். இந்த வேலையைப் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்குங்கள். நம் மலைப் பனியில் தகரம் விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அடுப்புக்கு மேல் வெப்பத்திலும் வைக்க வேண்டாம். நசுங்கிய டின்னை மலிவு என்று வாங்காதீர்கள். திறந்த டின்னில் மீந்ததை டின்னோடு வைக்காமல், மங்குக்கு மாற்றி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். மாதக் கடைசியில் ஒருநாள், இருக்கும் டின்களைக் கொண்டே குழம்பு வைப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால், கட்டிலுக்கு அடியில் பெட்டியே சேராது.

பாட்டி வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். காலங்கடந்த ஐந்து டின்களில் பட்டாணி உரக்குவியலுக்குப் போயிற்று. மற்ற நான்குக்கும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு குழிகள் தோண்டினோம். சிறுமி மண் தள்ளினாள். தம்பி கல் தூக்கி வைத்தான். பாட்டி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அந்த இடத்தில் பீன்ஸ் விதை போட்டார்கள். கொடி கழி உயரத்துக்கு ஏறியது. ஒருநாள் காலையில் சிறுமி என் மேசையில் ஒரு கட்டுப் பீன்ஸ் வைத்தாள்.

"பாட்டி கொடுக்கச் சொன்னாங்க, டீச்சர். சோத்தைக் குப்பையிலே போடலைன்னு சொல்லச் சொன்னாங்க."

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். டின்களை வெளியே எடுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தேதியை வாசிக்கச் சொல்லுங்கள். மூடியையும் மடிப்பையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணத்தக்கதை உண்ணுங்கள், மண்ணுக்குரியதை மண்ணுக்குக் கொடுங்கள், ஐயத்துக்குரியதை அஞ்சி ஒதுக்குங்கள்.